மூச்சு முட்டுகிறதா? இழுக்காதீர்கள், விடுங்கள்

எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் இரவு வாசற்படியில் உட்கார்ந்து வாயால் மூச்சை இழுத்து இழுத்துத் தவித்தார். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு மறுநாள் கடைசி நாள். உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி விரிக்கவே வரவில்லை. "காத்தே போதல தம்பி, ஹார்ட் அட்டாக்கா?" என்றார். ஆட்டோ பிடித்து ஓடினோம். இசிஜி சரியாக இருந்தது. "ஒண்ணுமில்லம்மா, பயம்தான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

விரல் மடங்கியதை நான் பார்த்தேன். அதை எப்படி 'ஒண்ணுமில்ல' என்பது?

ஓய்வாக இருக்கும் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவார்கள். பதற்றத்தில் அது எகிறும். காற்று போதாததுபோல் தோன்றினாலும் அப்போது ஆக்சிஜன் குறைவதில்லை. கார்பன் டை ஆக்சைடுதான் அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். ரத்தத்தில் கால்சியத்தின் சமநிலை மாறி விரல்கள் மரத்து இழுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் வேகமாக இழுத்தால் எல்லாமே கூடும். சுற்றி நிற்பவர்கள் அக்கறையோடு "நல்லா இழுத்து விடு" என்பதுகூட இந்த நேரத்தில் தவறான யோசனைதான்.

உள்மூச்சைவிட வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். வயிற்றில் கைவைத்து, மூக்கால் நாலு எண்ணும்வரை மெல்ல இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். வெளிமூச்சின்போது இதயத்துடிப்பு சற்று மெதுவாவது உடலின் இயல்பு. பலருக்கு நாடியைப் பிடித்தாலே தெரியும். தினம் ஐந்து நிமிடம், மனம் அமைதியாக இருக்கும்போதே பழகுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வைத்தியம் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் அது ஆபத்து.

முதல்முறை இப்படி வந்தால் பயம்தான் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், குப்பென்று வியர்த்தால், உதடு நீலம்பாரித்தால், மயக்கம் வந்தால் உடனே 108.

பதற்றம் அடிக்கடி வந்தால் சிகிச்சை கேட்பது உங்கள் உரிமை. அரசு நடத்தும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படை மனநோய்க்கும் உண்டு. நிறுவனம் மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு வாங்கி, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை.

அக்கா வேறொரு டாக்டரிடம் போனார். "அப்ப விரல் ஏன் டாக்டர் மடங்குச்சு?" என்று கேட்டார். அந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கிவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார். படபடப்பைக் கூட்டும் ரத்தசோகையும் அக்காவுக்கு இருந்தது அப்போதுதான் தெரிந்தது.