லினக்சு கருனியில் நிரல் மாற்றம் சேர்த்தல்

லினக்சு கருனி என்பது எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினசு டோர்வால்ட்சு 1991 ஆம் ஆண்டில் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் ஆகும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் உலகின் பெரிய மீக்கணினிகளும் இதைக் கொண்டே இயங்குகின்றன. இதன் மூல நிரலை எவரும் பதிவிறக்கித் தம் கணினியில் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த மாற்றம் எல்லோருக்கும் செல்லும் மூலப் பதிப்பில் இடம்பெற வேண்டுமானால் நிலைமை வேறு. எழுதியவர் தம் பெயரில் பொறுப்பேற்க வேண்டும். பிறர் படித்துப் பார்த்து ஒப்ப வேண்டும்.

ஒட்டு

மாற்றத்தை 'பேட்ச்' எனப்படும் ஒட்டாக அனுப்புவர். இதில் முழுக் கோப்பும் இராது. நீக்கும் வரிக்கு முன் கழித்தல் குறி, சேர்க்கும் வரிக்கு முன் கூட்டல் குறி, சுற்றிலும் மாறாத சில வரிகள், அவ்வளவுதான். விடைத்தாளில் சிவப்பு மையால் திருத்தியதுபோல, எது போனது, எது வந்தது என்று பார்த்தவுடன் விளங்கும். இத்தகைய ஒட்டைக் கோப்பில் தானாகப் பொருத்தும் நிரலை லாரி வால் 1985 இல் வெளியிட்டார். இன்று ஒட்டுகளைத் தயாரிக்க, டோர்வால்ட்சு 2005 இல் உருவாக்கிய கிட் பயன்படுகிறது.

ஓர் ஒட்டில் ஒரு மாற்றமே இருக்க வேண்டும். பிழையைத் திருத்தும்போதே பக்கத்து வரியின் இடைவெளியையும் சரிசெய்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ஒட்டுடன் செல்லும் விளக்கத்தில், என்ன மாற்றப்பட்டது என்பதைவிட ஏன் மாற்றப்பட்டது என்பதே முதன்மையானது. நிரலை எவரும் படித்துக்கொள்ளலாம். எழுதியவர் மனத்தில் இருந்த காரணத்தை எழுதினால்தான் தெரியும்.

கையொப்பம்

விளக்கத்தின் முடிவில் 'சைன்டு-ஆஃப்-பை' என்ற வரியும், அனுப்புபவரின் பெயரும், மின்னஞ்சல் முகவரியும் இடம்பெறும். இது வெறும் சடங்கன்று. தமக்குச் சொந்தமான யூனிக்சு நிரல் லினக்சில் கலந்துள்ளதாகக் கூறி எசுகோ நிறுவனம் 2003 இல் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்தது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்பதைக் காட்டச் சான்று தேவைப்பட்டது. எனவே 2004 முதல், 'இதை அளிக்க எனக்கு உரிமை உண்டு' என்று உறுதி கூறும் இக்கையொப்பம் நடைமுறைக்கு வந்தது. அடையாளம் மறைத்து அனுப்பப்படுபவை ஏற்கப்படுவதில்லை.

பரிசீலனை

கருனியின் ஒவ்வொரு பகுதிக்கும் பராமரிப்பாளர் உண்டு. ஒட்டு அவருக்கு வெற்று உரை மின்னஞ்சலாகச் செல்கிறது. பிறரும் அதைப் பொதுவில் படித்து வரிக்கு வரி குறை சொல்லலாம். குறைகளைக் களைந்து இரண்டாம், மூன்றாம் பதிப்பை அனுப்புவது இயல்பு. பதில் வராவிட்டால் குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்திருக்க வேண்டும். ஏற்கப்பட்ட ஒட்டு சோதனைத் தொகுப்பில் சேர்ந்து, புதிய வெளியீட்டை அடுத்துத் திறக்கும் இரு வார இணைப்புக் காலத்தில் டோர்வால்ட்சை அடைகிறது. அதன்பின் பல வாரங்கள் பிழைதிருத்தத்துக்கே.

இம்முறை நம்பிக்கையின் மேல் நிற்பது. ஆய்வுக்காக வேண்டுமென்றே பிழையுள்ள ஒட்டுகளைப் போலிப் பெயர்களில் அனுப்பியதாக 2021 இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர்கள் மீது எழுந்த சர்ச்சையில், அங்கிருந்து அதற்கு முன் வந்திருந்த நேர்மையான ஒட்டுகளும் ஐயத்துக்கு உள்ளாயின. 190 ஒட்டுகளைத் திரும்பப் பெற முன்மொழிந்து, ஒவ்வொன்றையும் மீண்டும் படிக்க வேண்டியதாயிற்று. பெரும்பாலானவை சரியானவை என்றே தெரிந்தது. வீணானது பராமரிப்பாளர்களின் உழைப்பு.

சேர்ந்த பிறகு

புதியவர் ஆவணத்தில் உள்ள எழுத்துப்பிழையிலிருந்தே தொடங்கலாம். அதுவும் இதே வழியில்தான் செல்லும். சேர்க்கப்பட்ட மாற்றம் எழுதியவர் பெயருடன் கிட் வரலாற்றில் நிலைத்துவிடுகிறது. பின்னாளில் அதில் பிழை கண்டால், திருத்தும் ஒட்டில் 'ஃபிக்சசு' என்ற வரியில் பழைய மாற்றத்தின் அடையாள எண்ணைக் குறிப்பர். முதலில் எழுதியவருக்கும் ஒரு படி போகும்.