கண்ணுக்கு நாலு தசை போதாதா?

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் இருக்கின்றன. நான்கு நேர்தசைகள், இரண்டு சாய்தசைகள். மேலும் கீழும், இடமும் வலமும் பார்க்க நான்கே போதுமே, சாய்தசை எதற்கு என்று கேட்கத் தோன்றும். விடை எலும்பில் இருக்கிறது. நாம் நேரே பார்த்தாலும் கண்குழி நேராக அமையவில்லை. பின்னால் மூக்கை ஒட்டித் தொடங்கி, முன்னே வரவர வெளிப்புறம் விலகுகிறது. நேர்தசைகள் குழியின் ஆழத்திலிருந்து கிளம்புவதால், மேல் நேர்தசை பார்வைக் கோட்டுக்கு ஏறத்தாழ 23 பாகை சாய்வாகவே இழுக்கிறது. அது சுருங்கும்போது கண் உயர்வதோடு நிற்பதில்லை. மூக்குப் பக்கம் சற்றுத் திரும்பி, உச்சி மூக்கை நோக்கிச் சாயும்படி திருகவும் செய்கிறது. கண்ணை உயர்த்தும் இன்னொரு தசையான கீழ்ச் சாய்தசை, இந்த இரண்டு உபரி அசைவுகளையும் எதிர்த்திசையில் இழுத்து ஈடுகட்டுகிறது. கீழே பார்க்கும்போது கீழ் நேர்தசைக்கு மேல் சாய்தசை இதே துணையைத் தருகிறது.

அந்த மேல் சாய்தசையின் அமைப்பைத் தனியே பார்க்க வேண்டும். குழியின் ஆழத்திலிருந்து முன்னே வந்து, மூக்கோரம் புருவத்துக்குக் கீழே ஒரு குருத்தெலும்பு வளையத்தில் அதன் தசைநாண் நுழைகிறது. கிணற்று ராட்டினத்தில் கயிறு மடங்குவதுபோல் அங்கே மடங்கி, பின்னோக்கிப் போய் விழியின் பின்பாதியில், மேற்புறத்தில் ஒட்டுகிறது. பின்பாதி மேலே இழுபடும்போது முன்பாதி தாழ்கிறது. மேலே ஒட்டிய தசை கண்ணைக் கீழே பார்க்க வைப்பது இப்படித்தான்.

கண்ணாடியில் பார்த்தால்கூடத் தெரியாத இந்தத் திருகலுக்கு இத்தனை ஏற்பாடா என்று மறுக்கலாம். நான்காவது மூளை நரம்பு இந்த ஒரு தசைக்கென்றே வருகிறது. தலையில் அடிபட்டு அந்த நரம்பு செயலிழந்தால், மற்ற ஐந்து தசைகளும் நலமாக இருந்தும் படிக்கட்டு இறங்குவது தடுமாற்றமாகிவிடும்; புத்தகம் படிப்பதும் சிரமம். ஒரே படி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டாகவும், அதில் ஒன்று சாய்ந்தும் தெரியும். பாதிக்கப்பட்ட கண்ணுக்கு எதிர்ப்பக்கத் தோளை நோக்கித் தலையைச் சாய்த்தால் அந்தத் தசைக்கு வேலை குறையும், இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே பலர் தங்களை அறியாமலே தலையைச் சாய்த்துக்கொள்கிறார்கள். சாய்வு எப்போது தொடங்கியது என்றறிய மருத்துவர்கள் பழைய புகைப்படங்களைக் கேட்டுப் பார்ப்பதுண்டு. பிறவியிலேயே இந்தக் குறை உள்ள குழந்தைகளும் உண்டு. உங்கள் குழந்தை எந்நேரமும் ஒரே பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தால், கழுத்துக் கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; கண் மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.