குறைந்தபட்சச் சம்பளம் வேறு, வாழ்க்கைச் சம்பளம் வேறு

மாணவர்களே, தொழிலாளர் ஊதியம் பற்றிக் கட்டுரை எழுதும்போது பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிடுறீங்க. குறைந்தபட்சச் சம்பளம் என்பது சட்டம். அதற்குக் கீழே முதலாளி கொடுக்கக் கூடாது. தீபகற்பத்தில் 2013-இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கியது, 2025-இல் 1,700 ஆனது.

அது போதுமா? வாடகை, சாப்பாடு, மோட்டார் பெட்ரோல் எல்லாம் போக, கல்யாணம் காட்சிக்குப் போய்வரவும் அவசரத்துக்கு எடுத்து வைக்கவும் ஏதாவது மிஞ்ச வேண்டாமா? அதையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் வாழ்க்கைச் சம்பளம். 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி கோலாலம்பூரில் தனியாளுக்கு மாதம் 2,700 ரிங்கிட், இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 6,500 ரிங்கிட் என்று பேங்க் நெகாரா கணித்தது. அந்த ஆண்டு ஜூலையில்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ஆகியிருந்தது!

ஆகவே 'நியாயமான சம்பளம்' என்று மட்டும் எழுதி விட்டுடாதீங்க. எந்தெந்தச் செலவுக்குப் போதும் என்பதையும் எழுதுங்க. வீட்டில் அம்மாவிடம் கேட்டால் கணக்கு சரியாக வரும்.