போடியில் ஆவணப்படம் போடுவதாக இருந்தால்

ஊர்ல ஒரு ஆவணப்படம் போடலாம்னு பேச்செடுத்தா எல்லாரும் முதல்ல கேட்பது, "என்ன படம்?" போடிநாயக்கனூருக்கு அதைவிட முக்கியமான கேள்வி: எத்தனை மணிக்கு?

காரணம் ஜீப்பு. போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் விடிவதற்கு முன்பே ஜீப்பில் கிளம்புகிறார்கள். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். தாண்டினால் கேரளம், பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்கள். ஏலக்காய் எல்லாம் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. அதனால் ஒரே செடியில் பல சுற்று, கையால்தான் எடுக்க வேண்டும். சாயங்காலம் இறங்கி, சமைத்து, படுத்தால் மறுபடி ஜீப்பு. மாலை 5 மணிக்கு மண்டபத்தில் படம் போட்டால் மாணவர்கள், ஆசிரியர்கள், கட்சிக்காரர்கள் வருவார்கள். தோட்டத்தைப் பற்றிய படமாகவே இருந்தாலும் காய் எடுத்த கை அங்கே இருக்காது.

"யூடியூப்ல போட்டா அவங்களே பார்த்துக்குவாங்களே?" பார்க்கலாம். கழிவகற்றும் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' (2017) படத்தைத் திரையிடப் பல ஊர்களில் காவல்துறை அனுமதி மறுத்தது. பிறகு யூடியூப் வழியாகத்தான் அது பரவலாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் போனில் தனியாகப் பார்ப்பவர் பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பார்ப்பதில்லை. தெருவில் பார்க்கும்போது, "நம்ம ஜீப்புலயும் இப்படித்தானே அடைக்கிறாங்க" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் மருந்தடித்த வாடையைப் பற்றிச் சொல்வார். தனித்தனிக் குறையாக இருந்தது அப்போதுதான் பொதுப் பிரச்சினை ஆகிறது.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. மதுரையில் அமுதன் ஆர்.பி.யின் 'மறுபக்கம்' 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறது. மலைக்கு அந்தப் பக்கம், ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984-இல் தொடங்கிய 'ஒடேசா' குழு, சாப்ளினின் 'தி கிட்' படத்தை ஊர் ஊராகப் போட்டு மக்களிடமே பணம் திரட்டியது. 'அம்ம அறியான்' (1986) அப்படி உருவான படம்.

ஆனால் போடியில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. ஜீப்பு ஓட்டுபவரும் ஆள் கூட்டிப் போகிறவரும் அதே தெருவில்தான் இருப்பார்கள். கூட்டத்தில் வாயைத் திறந்தவருக்கு நாளைக்கு ஜீப்பில் இடம் இல்லாமல் போகலாம். ஒருநாள் ஜீப்பு போனால் ஒருநாள் கூலி போச்சு. வெளியூரிலிருந்து படம் கொண்டுபோகிறவர்கள் "தைரியமா பேசுங்கம்மா" என்று மைக்கை நீட்டுவது எளிது. விலை கொடுப்பது அந்த அம்மாதான்.

அதனால் சில சின்ன ஏற்பாடுகள். ஜீப்பு ஓடாத நாளாகப் பார்க்க வேண்டும். அரைமணி நேரப் படம் போதும். படம் முடிந்ததும் பெண்கள் மட்டும் தனியே உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும். யாரும் போனில் பதிவு செய்யக் கூடாது. எதை வெளியே சொல்லலாம், யார் பெயரில் சொல்லலாம் என்பதைப் பேசியவர்களே முடிவு செய்யட்டும். ஒருத்தரும் பேசவில்லையா, அதையும் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் காலை ஜீப்பில், 17 வளைவு ஏறி முடிப்பதற்குள், பேச்சு தானாக வரும். அங்கே நாம் இருக்க மாட்டோம், இருக்கவும் தேவையில்லை.