முந்தானைக்குள் ஒளிந்தவள் அணித் தலைவி ஆனாள்!

யாராவது வீட்டுக்கு வந்தால் என் முந்தானைக்குப் பின்னால் ஒளிகிற பெண், என் மூத்தவள். பள்ளியில் சாரணியர் படையில் சேரட்டுமா என்று கேட்டபோது, 'முகாமில் ராத்தங்கணுமே' என்று தயங்கினேன். அவர்தான், "போகட்டும் விடு" என்றார்.

1907-ல் பேடன் பவல் பிரவுன்ஸீ தீவில் சிறுவர்களுக்கு முகாம் நடத்தினார். 1910-ல் பெண்களுக்கும் தனி இயக்கம் வந்தது. இதன் சூட்சுமம் அணி முறைதான். 6 முதல் 8 பேர். அவர்களில் ஒருத்தி தலைவி. விறகு, தண்ணீர், சமையல் என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பதும், முகம் சுளிப்பவளைச் சமாதானப்படுத்துவதும் அவள் பொறுப்பு. டீச்சர் தள்ளி நின்றுதான் பார்ப்பார்.

போன மாதம் சோறு வடிக்கையில் கஞ்சி என் கையில் கொட்டிவிட்டது. தோசை மாவைத் தேடி ஓடினேன். "மாவெல்லாம் வேண்டாம்மா, வா!" என்று குழாயடிக்கு இழுத்துப்போய், வளையலைக் கழற்றி, 20 நிமிஷம் கையைத் தண்ணீரில் பிடித்தாள். தம்பியைச் சுத்தமான துணி கொண்டுவர அனுப்பினாள். பாட்டியை அடுப்பை அணைக்கச் சொன்னாள். பிறகுதான் டாக்டரிடம் போனோம். அவள் குரலில் பதற்றமே இல்லை!

'தயாராக இரு' என்பது அவர்களுடைய தாரக மந்திரம். தயாராக இல்லாதவள் நான்தான் என்று அன்று புரிந்தது. சின்னக் குழந்தைகளுக்கு 'புல்புல்', 10 வயதிலிருந்து 'கைடு'. உங்கள் பெண் கேட்டால் தயங்காமல் அனுப்புங்கள், சகோதரிகளே!