பாதங்களைத் தொடும் ஊழியம்: ரிஃப்ளெக்ஸாலஜி பற்றிச் சில வார்த்தைகள்



நம் மருத்துவமனையை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கும் சபைகளுக்கு நாங்கள் செல்லும்போது, அண்மைக் காலமாக ஒரு கேள்வியைச் சந்திக்கிறோம். "ஐயா, பாதத்தை அழுத்தியே நோயைக் குணமாக்குகிறார்களாமே, நம் ஆஸ்பத்திரியிலும் அதைச் செய்யலாமே?" என்கிறார்கள் சிலர். "விசுவாசிகள் அதற்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள் வேறு சிலர். இருவருக்கும் பதில் சொல்வது எங்கள் கடமை.

ரிஃப்ளெக்ஸாலஜி என்னும் பாத அழுத்த முறையின் கொள்கை இதுதான்: பாதத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் உடலின் ஓர் உறுப்போடு தொடர்பு உண்டு, அந்த இடத்தை விரலால் அழுத்தினால் அந்த உறுப்பு நலம்பெறும். கால்விரல் நுனிகள் தலைக்கும், விரல்களுக்குக் கீழுள்ள மேடு நுரையீரலுக்கும், உள்விளிம்பு முதுகெலும்புக்கும் உரியவை என்று அதன் வரைபடங்கள் காட்டுகின்றன.

கால் பிடித்துவிடும் வழக்கம் பல நாடுகளில் தொன்றுதொட்டு உண்டு. ஆனால் இன்றைய வரைபட முறை அமெரிக்காவில் தோன்றியது. காது மூக்கு தொண்டை மருத்துவரான வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு உடலை நீளவாக்கில் 10 மண்டலங்களாகப் பிரித்து, மற்றொருவருடன் சேர்ந்து 1917-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1930-களில் யூனிஸ் இங்ஹாம் என்ற அம்மையார் அதைப் பாதங்களுக்குரிய முறையாக வளர்த்து, 1938-இல் தம் நூலை வெளியிட்டார்.

இதனால் நோய் தீருமா? பாதத்தில் நரம்பு முனைகள் மிகுதி என்பது உண்மை. ஆனால் உள்ளங்காலின் ஓர் இடத்தையும் கல்லீரலையும் இணைக்கும் தனிப் பாதை எதையும் உடற்கூற்றியல் கண்டதில்லை. 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2009-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, எந்த நோய்க்கும் இது பயனளிப்பதாக நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடித்தது. ஆகவே இது நோயைத் தீர்க்கும் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

அப்படியானால் இதில் பயனே இல்லையா? எங்கள் வார்டில் புற்றுநோயால் படுத்திருந்த ஒரு தாயாரை நினைக்கிறோம். பல வாரங்கள் அவர் தலைமாட்டில் நின்று ஜெபித்தோம். அவர் மகளோ ஒவ்வொரு மாலையும் கால்மாட்டில் அமர்ந்து, தேங்காய் எண்ணெய் தடவி, பாதங்களை மெல்லப் பிடித்துவிட்டாள். நோய் அகலவில்லை. ஆனால் அதன்பின் அவர் சற்று நேரம் நிம்மதியாக உறங்கினார். ஊசி போடவும் இரத்தம் எடுக்கவும் மட்டுமே தொடப்படும் ஒருவருக்கு அன்பின் தொடுதல் எத்தனை ஆறுதல் என்பதை, தலைமாட்டில் நின்ற நாங்கள் அந்த மகளிடம் கற்றுக்கொண்டோம். துணைச் சிகிச்சை என்பதன் பொருளும் இதுவே. அது மருந்துக்குத் துணையாக நிற்கலாம். மருந்தின் இடத்தை எடுத்துக்கொள்ளலாகாது.

இன்னொருவரையும் மறக்க முடியவில்லை. பல ஆண்டு சர்க்கரை நோயாளி அவர். ஓரிடத்தில் மரக்குச்சியால் பாதத்தை அழுத்திக்கொண்டு, மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். பாதம் மரத்திருந்ததால் புண் உண்டானதே தெரியவில்லை. எங்களிடம் வந்தபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

வலி உணர்வு அற்ற பாதத்தின் ஆபத்தை மிஷன் மருத்துவமனைகள் நன்கு அறியும். தொழுநோயாளிகளின் கைகால்கள் தாமாக அழுகுவதில்லை, உணர்வு அற்றுப்போவதால் காயப்பட்டே சிதைகின்றன என்பதை வேலூரில் ஊழியம் செய்த டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயால் மரத்த கால்களுக்கும் இது பொருந்தும். எனவே பாதம் மரத்தவர்கள், காலில் புண் உள்ளவர்கள் அழுத்தச் சிகிச்சையையும், முள்போன்ற குமிழ்கள் உள்ள அக்குபிரஷர் செருப்பையும் தவிர்க்க வேண்டும். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் இருந்தால் அது இரத்தக்கட்டாக இருக்கலாம். பிடித்துவிடாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டே செய்யட்டும்.

விசுவாசிகள் போகலாமா என்ற கேள்விக்கு வருகிறோம். பாதத்தைப் பிடித்துவிடுவதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் மறைவான சக்தி ஒன்று குணமாக்குகிறது என்று போதித்தாலோ, மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் காணிக்கையில் ஒரு ரூபாயையும் நிரூபிக்கப்படாத குணமாக்குதலுக்குச் செலவிட எங்களுக்கு மனமில்லை. மருத்துவரின் அனுமதியோடு நோயாளியின் பாதங்களைக் கழுவித் துடைத்து, மெல்ல எண்ணெய் தடவ, எங்கள் செவிலியர் உறவினருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. துணைக்கு எவரும் இல்லாத நோயாளிகளும் உண்டு. மாதம் ஒரு பிற்பகல் அவர்களருகே அமர உங்கள் சபையிலிருந்து இருவர் வந்தால் மகிழ்வோம்.

யோவான் 13-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சீஷர்களின் பாதங்களைக் கழுவினார். அந்தப் பாதங்களில் நோய் இருந்ததாக அங்கே எழுதப்படவில்லை. குணமாக்குவதற்காக அல்ல, அன்புகூர்ந்ததினாலேயே அவர் குனிந்தார். குணமாக்க இயலாத இடத்திலும் அப்படிக் குனிந்து பணிசெய்ய எங்களுக்காக ஜெபியுங்கள்.