மீன் தலைக் கறிப் பிரியர்கள் கவனத்திற்கு

செவுள் சிவந்து, கண் தெளிந்திருந்தால் நல்ல மீன் என்று நம் தாய்மார்கள் வாங்குவார்கள். கெட்டுப்போன மீனைக் கண்டுகொள்ள அது சரியான வழிதான். ஆனால் 'சிகுவாத்தெரா' என்னும் நோயைத் தரும் நஞ்சு, அன்றே பிடித்த மீனிலும் இருக்கக்கூடும்.

இந்நஞ்சை மீன் உண்டாக்குவதில்லை. பவளப்பாறைப் பாசிகளில் ஒட்டி வாழும், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரே உண்டாக்குகிறது. பசிபிக் கடலின் கம்பியர் தீவுகளில் 1977இல் ஜப்பானிய அறிஞர் யாசுமோத்தோ குழுவினர் இதைக் கண்டறிந்தனர். பாசியைச் சிறு மீன் மேய்கிறது. சிறு மீனைப் பெரிய மீன் தின்கிறது. இப்படியே நஞ்சு சேர்ந்துகொண்டு போகிறது.

ஆகவே, பவளப்பாறைகளில் வாழும் பெரிய கெராப்பு, மேரா, சீலா மீன்களில்தான் ஆபத்து அதிகம். அவற்றிலும் தலை, ஈரல், குடல், சினை ஆகியவற்றில் நஞ்சு மிகுதி. கெம்போங், நெத்திலி வாங்குவோர் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், கருவாடாக்கினாலும், ஐஸில் வைத்தாலும் நஞ்சு போகாது. வெள்ளிக்காசு கறுக்கும், ஈ மொய்க்காது என்பதெல்லாம் வெறும் நம்பிக்கையே.

மீன் சாப்பிட்டபின் வாந்தி பேதியுடன் உதடும் விரல்களும் மரத்து, குளிர்ந்த நீர் பட்டால் நெருப்பாக எரிந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். என்ன மீன், எங்கே வாங்கியது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். உயிருக்கு மோசம் நேர்வது அரிது; ஆனால் மரமரப்பு வாரக்கணக்கில் நீடிக்கலாம். நஞ்சை முறிக்கும் மருந்தும் இல்லை.

விருந்துக்குப் பாறை மீன்தான் வேண்டுமென்றால், ஒரு பெரிய மீனுக்குப் பதிலாகச் சிறியவை இரண்டு வாங்குங்கள். ஈரலையும் குடலையும் சினையையும் சட்டியில் சேர்க்காதீர்கள்.